பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரை அசல் கெடாமல் சீரமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 1969-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ ஜிடி 1300 ஜூனியர் ஒன்று இருக்கிறது. அதைச் சீரமைக்க ஒன்பது வருடம் ஆனது. முதல் இரண்டு வருடம் ஆர்வத்தில் செய்ததைச் சரிசெய்யவே அடுத்த மூன்று வருடம் போயிற்று. அதற்குப் பிறகு இந்த மாதிரி கார் வாங்கியவர்கள் பலர் என்னிடம் வந்து கேட்டார்கள். ஆள்தான் மாறினார்களே தவிர சந்தேகங்கள் மாறவில்லை. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன்.

உதாரணங்கள் பெரும்பாலும் என் ஜூனியரும் சேர்ந்த ஜூலியா ஜிடி வரிசையிலிருந்து வரும். கார் உடம்பு வடிவமைக்கும் பெர்டோனே நிறுவனத்தில், இருபது சொச்ச வயதில் இருந்த ஜார்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்து 1963-இல் வெளிவந்த கார் அது. எனக்குக் கைப்பழக்கம் உள்ள வண்டியும் அதுதான். மற்ற கம்பெனி கார்களில் விஷயம் மாறும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

பாதுகாக்கிறது, ரெஸ்டோர் பண்றது, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பாதுகாப்பது என்றால் இருப்பது மேலும் கெடாமல் நிறுத்துவது. ரெஸ்டோரேஷன் என்றால் கெட்டதையும் காணாமல் போனதையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. முதலாவதில் காரில் இருக்கும் பொருள் அப்படியே தங்கும். இரண்டாவதில் கொஞ்சமாவது புதுப் பொருள் உள்ளே வரும். பழைய வாகன அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா இதற்கென்றே தூரின் சாசனம் என்ற ஒன்றை 2013 முதல் நடைமுறையில் வைத்திருக்கிறது. முடிந்தவரை பாதுகாக்க வேண்டும், முடியாத இடத்தில் மட்டும் ரெஸ்டோர் செய்ய வேண்டும், செய்ததை எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் அதன் போக்கு.

ஒரிஜினல்னா ஃபேக்டரியில இருந்து வந்த அன்னைக்கு இருந்த மாதிரி பளபளன்னு இருக்கணும், அதானே?

இந்தக் குழப்பம்தான் அதிகமான கார்களைக் கெடுத்திருக்கிறது. புதுசு மாதிரி இருப்பது வேறு, அசலாக இருப்பது வேறு. ஐம்பது வருடப் பெயிண்ட், கைபட்டுத் தேய்ந்த ஸ்டியரிங், கம்பெனி மாட்டிய போல்ட்டு எல்லாம் அசல். அதே இடத்தில் நேற்று வாங்கிப் போட்ட பளபளப்பான பாகம் என்னதான் அச்சு அசலாக இருந்தாலும் நகல்தான்.

2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஏலம் நினைவிருக்கலாம். பிரான்ஸில் ஒரு கொட்டகையில் பல வருடம் கிடந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடரை, பழைய பத்திரிகைக் கட்டுகளை மட்டும் மேலிருந்து எடுத்துவிட்டு, தூசியோடு ஏலத்துக்கு வைத்தார்கள். சுமார் 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது. நம் கார் அந்த விலைக்குப் போகாது, சரி. ஆனால் வாங்குபவர்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது.

கார் வீட்டுக்கு வந்தாச்சு. முதல்ல எதைக் கழட்டணும்?

எதையும் கழற்ற வேண்டாம். ஒரு மாதம் கேமராவும் நோட்டும் போதும். ஒவ்வொரு கிளிப், வயர் போகும் வழி, போல்ட்டின் தலை எந்தப் பக்கம், எந்த வாஷர் எங்கே என்று எல்லாவற்றையும் படம் எடுங்கள். பிறகு கழற்றும்போது ஒவ்வொரு பாகத்தின் நட்டு போல்ட்டையும் தனிப் பையில் போட்டு, பெயர் எழுதுங்கள். போல்ட்டுத் தலையில் அதைச் செய்தவரின் அடையாளம் இருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்குவதைவிட, பழையதையே சுத்தம் செய்து துத்தநாக முலாம் பூசிக்கொள்வது நல்லது.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகட்டில் மெழுகுப் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. அழுக்கு என்று நினைத்துத் தின்னர் போட்டுத் துடைத்தேன். அது தொழிற்சாலையில் வேலை செய்தவர் எழுதியது என்பது, அதே காலத்து இன்னொரு காரில் அதே மாதிரி கிறுக்கலைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. என் காரில் என்ன எழுதியிருந்தது என்பதற்குப் படம்கூட இல்லை.

பல வருடம் நின்ற காராக இருந்தால் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இது பொறக்கும்போது என்ன கலர், என்ன இன்ஜின்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

காரிலிருந்தே தொடங்குங்கள். ஜூலியா ஜிடியில் ஷாசி எண் இன்ஜின் அறையின் பின்பக்கத் தடுப்புத் தகட்டில் அடித்திருக்கும். பெயிண்டின் பெயரும் எண்ணும் உள்ள சீட்டு டிக்கி மூடியின் உட்பக்கம் இருக்கும், யாரும் கிழிக்காமல் இருந்தால். முதல் நிறத்தைப் பார்க்க டாஷ்போர்டின் பின்புறம், கதவு ரப்பரின் அடி, கதவு அட்டையின் பின்னால் என்று வெயிலும் பாலிஷும் படாத இடங்களைத் தேடுங்கள்.

அப்புறம் ஆவணங்கள். ஆல்ஃபாவின் பழைய தயாரிப்புப் பதிவேடுகள் அரேசேயில் உள்ள அருங்காட்சியகத்தின் ஆவண மையத்தில் இருக்கின்றன. ஷாசி எண்ணைக் கொடுத்தால், எந்தத் தேதியில் எந்த நிறத்தில் எங்கே போன கார் என்று சான்று பெறலாம். பழைய கார்களுக்கென்றே ஃபெராரிக்கு மரனெல்லோவில் 2006 முதல் கிளாசிகே என்ற பிரிவு இருக்கிறது, லம்போர்கினிக்கு 2015 முதல் போலோ ஸ்டோரிகோ என்ற பிரிவு. இத்தாலியில் பதிவான காராக இருந்தால் வாகனப் பதிவகமான பி.ஆர்.ஏ.-விலிருந்து பழைய உரிமையாளர்களின் வரலாற்றையும் எடுக்கலாம். இதெல்லாம் கைக்கு வரும்வரை பெயிண்ட் கடைப்பக்கமே போக வேண்டாம்.

இன்ஜின் நம்பர் பொருந்தலை. கார் போச்சா?

போகவில்லை. ஆல்ஃபாவில் இது சர்வசாதாரணம், ஏனென்றால் 1300 முதல் 2000 வரை எல்லா இன்ஜினும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரும். 1300 ஜூனியரின் இன்ஜின் எண் ஏஆர்00530 என்று தொடங்கும். அதே வரிசையின் பெரிய இன்ஜின் கார்களான 1750 ஜிடிவிக்கு 00548, 2000 ஜிடிவிக்கு 00512. ஜூனியரில் 00512 இருந்தால், யாரோ வேகத்துக்கு ஆசைப்பட்டு மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சொந்த இன்ஜின் கிடைக்காவிட்டால், அந்த வருடத்துக்குரிய சரியான வகை இன்ஜினைத் தேடிப் போடலாம். அதன் எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். விற்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். எண்ணை ராவிவிட்டுப் "பொருந்தும்" எண்ணை அடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

துரு எவ்வளவு இருந்தா தகட்டை வெட்டணும்?

பலம் தாங்கும் இடமா, அழகுக்கான இடமா என்று முதலில் பாருங்கள். இந்தக் கார்களில் தனி ஷாசி சட்டம் கிடையாது, உடம்பே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி ஜூலியா ஜிடியில் மூன்று அடுக்குத் தகடு. வெளித்தகடு நன்றாகத் தெரியும். நடுத்தகடு உள்ளே மாவாகியிருக்கும். பலர் வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் பட்டி போட்டு விற்றிருக்கிறார்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்திப் பாருங்கள். எங்கே பிடி விடுகிறதோ அங்கே பட்டி இருக்கிறது. ஜாக்கி வைக்கும் இடம், தரை, டிக்கியின் ஓரக் குழிகள், முன்பக்க அடித்தகடு ஆகியவை அடுத்து பார்க்க வேண்டியவை. லான்சியா ஃபுல்வியாவில் இன்ஜினைத் தாங்கும் முன்பக்கத் துணைச்சட்டம் உடம்போடு சேரும் இடத்தை விடாதீர்கள். அது போனால் மற்றதெல்லாம் வீண்.

பலம் தாங்கும் இடம் ஓட்டையாகியிருந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும், இதில் அசல் பற்றிய உருக்கம் உதவாது. ஆனால் கெட்ட அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். கடையில் முழுப் பக்கத் தகடு கிடைக்கிறது என்பதற்காக முழுப் பக்கத்தையும் அறுக்க வேண்டாம். கை அகலம் கெட்டிருந்தால் கை அகலத்துக்கு ஒட்டுத்தகடு செய்யத் தெரிந்த டிங்கர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். சில்லை அறுப்பதற்கு முன் கதவு திறப்புக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்டிங் செய்துகொள்ளுங்கள். கூரை இல்லாத ஸ்பைடரில் இதைச் செய்யாமல் அறுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு மூடாது.

மேல்துரு மட்டும்தான் என்றால் சுரண்டி, துரு நிறுத்தும் பூச்சு கொடுத்து, உட்குழிகளுக்குள் மெழுகு பீய்ச்சினால் போதும்.

மொத்தமா சாண்ட் பிளாஸ்டிங் பண்ணி வெறும் தகடா ஆக்கிட்டா சுலபமா இருக்குமே?

சுலபம்தான். மெழுகுப் பென்சில் எழுத்து, முதல் பெயிண்ட், அடிப்பாகத்தில் கம்பெனி அடித்த ஒலித்தடுப்புப் பூச்சு, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்ற தடயம் எல்லாம் ஒரே மத்தியானத்தில் போய்விடும். பெரிய தட்டையான தகடுகள் நெளியவும் செய்யும். அலுமினிய உடம்புக்கு மணல் கிட்டவே கூடாது.

அழுக்கும் கிரீஸும்தான் பிரச்சினை என்றால் உலர் பனிக்கட்டி பீய்ச்சும் முறை இருக்கிறது. அது அழுக்கை உதிர்த்துவிட்டு ஆவியாகிவிடும், நன்றாகப் பிடித்திருக்கும் பெயிண்டைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். செலவு கூட.

பெயிண்ட் மங்கிப்போயிருக்கு, அங்கங்கே கீறல். முழுசா அடிச்சிடலாமா?

முதலில் தடிமன் அளக்கும் கருவியை வைத்துப் பாருங்கள். கார் முழுக்க 100 முதல் 150 மைக்ரான் அளவில் சீராகக் காட்டினால் அது அநேகமாக முதல் பெயிண்ட், உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு பக்கம் மட்டும் 400, 500 என்று ஏறினால் அங்கே மறுபூச்சோ பட்டியோ இருக்கிறது. முதல் பெயிண்ட் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் நான் அதைத் தொடமாட்டேன். கையால் மெதுவாகப் பாலிஷ் செய்து, கெட்ட இடத்தை மட்டும் நிறம் சேர்த்துத் தொட்டுக்கொள்வேன். மெஷின் பாலிஷ் ஓரங்களில் சீக்கிரம் தகடுவரை போய்விடும்.

அடித்தே ஆக வேண்டும் என்றால், 1960-களின் சாதாரண நிறங்கள் மேலே தனிக் கண்ணாடிப் பூச்சு இல்லாமல் ஒரே வகைப் பெயிண்டாக அடிக்கப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள். இன்றைய இரண்டடுக்கு முறையில் அடித்தால் கார் பாகில் முக்கி எடுத்ததுபோல் இருக்கும். தொழிற்சாலைப் பெயிண்டில் லேசான ஆரஞ்சுத்தோல் புடைப்பும் இருந்தது. அதையும் தேய்த்துக் கண்ணாடியாக்குவது கம்பெனி கொடுக்காததைக் கொடுப்பது.

அந்தக் காலத்து பெயிண்டே இப்போ கிடைக்குமா?

ஐரோப்பாவில் கரைப்பான் அதிகமுள்ள பெயிண்டுகளுக்கு 2004-ஆம் ஆண்டின் ஓர் ஒன்றிய ஆணை கட்டுப்பாடு விதிக்கிறது. ஆனால் வரலாற்று மதிப்புள்ளதாக அதிகாரிகள் ஏற்ற வாகனங்களுக்கு, குறைந்த அளவில் வாங்க உறுப்பு நாடுகள் தனி அனுமதி தரலாம் என்று அதே ஆணையில் இடம் இருக்கிறது. அனுமதி தருகிறார்களா, எப்படித் தருகிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நடைமுறையில் பெரும்பாலோர் இன்றைய ஒற்றைப்பூச்சுப் பெயிண்டில், மறைவிடத்தில் கிடைத்த முதல் நிறத்தைக் கருவியால் படித்துக் கலந்துகொள்கிறார்கள். நிறப் பட்டியலை நம்பிக் கலப்பதைவிட இது நெருக்கமாக வரும்.

இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இல்லை. சரி பண்ணிடலாமா?

எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. அச்சில் அழுத்திய தகடுகளால் ஆன ஜூலியா ஜிடியில் பெரிய வித்தியாசம் இருந்தால் எங்கோ அடி வாங்கியிருக்கிறது. ஆனால் மொடெனாவின் ஸ்காலியெத்தி, மிலானின் தூரிங், ட்ஸகாத்தோ போன்ற பட்டறைகளில் கையால் தட்டி உருவாக்கிய உடம்புகளில் இரண்டு பக்கமும் சில மி.மீ. வேறுபடுவது இயல்பு. இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் இன்னொருவர் தட்டியிருப்பார்கள். அதை அளந்து சமன்படுத்துவது அவர்கள் கையெழுத்தைத் திருத்துவது மாதிரி. இத்தகைய கார்களில் அலங்காரப் பட்டைகளின் பின்புறமும் பாருங்கள், அந்தக் காருக்கான எண் குறித்திருக்கலாம். எண் பொருந்தும் பட்டை வளைந்திருந்தாலும் நிமிர்த்திப் போடுங்கள்.

தூரிங்கின் சூப்பர்லெஜ்ஜேரா முறையில் மெல்லிய எஃகுக் குழாய்களின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டால் அலுமினியம் அரிக்கும். நடுவில் இருக்கும் துணி அழுகியிருந்தால் புதிதாக வைக்காமல் மூட வேண்டாம்.

இன்ஜினைத் திறந்தே ஆகணுமா?

கம்ப்ரஷனும் எண்ணெய் அழுத்தமும் சரியாக இருந்தால் திறக்காதீர்கள். ஆல்ஃபாவின் இரட்டை கேம் இன்ஜின் முழுக்க அலுமினியம், உள்ளே பிஸ்டன் ஓடும் உறைகளாக, கழற்றக்கூடிய வார்ப்பிரும்பு லைனர்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய கார்களில் அலுமினியம் உள்ளுக்குள் அரித்திருக்கும், ஆகவே கூலண்டின் நிறத்தைப் பாருங்கள். ஹெட் கேஸ்கெட்டோடு வரும் சின்ன ரப்பர் வளையங்கள் எண்ணெய் வழிகளை அடைப்பவை. அவை காய்ந்தால் கசிவு தொடங்கும். எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குள் சோடியம் இருக்கிறது, தேய்ந்த வால்வை ரம்பத்தால் அறுத்துப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம்.

ஃபியட் 124 ஸ்பைடர்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அவுரேலியோ லாம்ப்ரெடி வடிவமைத்த அந்த இன்ஜினில் செயினுக்குப் பதில் பல்வைத்த பெல்ட். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்காமல், வயதை வைத்தே மாற்றுங்கள்.

இன்னொன்று, ஆல்ஃபாவில் குளிரில் இரண்டாம் கியர் கரகரக்கும். அதற்காகக் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டாம். எண்ணெய் சூடாகும்வரை மெதுவாகப் போடுங்கள், அவ்வளவுதான்.

ஈயம் இல்லாத பெட்ரோல் ஊத்தினா கெட்டுப்போகுமா?

அலுமினிய ஹெட்டில் கடினமான வால்வு இருக்கைகள் தனியாகப் பொருத்தியிருப்பதால் ஆல்ஃபாவுக்குப் பெரிய பயம் இல்லை. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் பழைய ரப்பர் குழாய்களைத் தின்னும். தீப்பிடிப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். குழாய்களை மாற்றிவிடுங்கள், அசலா நகலா என்ற கேள்வியே இதில் எழாது.

சீட்டு கிழிஞ்சிருக்கு. புதுசா லெதர் போட்டா இன்னும் நல்லா இருக்குமே?

ஜூனியரில் லெதர் வந்ததே இல்லையென்றால் நன்றாக இருந்தும் என்ன பயன்? ஆல்ஃபா பயன்படுத்திய வினைல் துணிக்கு டெக்சால்ஃபா என்று பெயர். அதே புடைப்பு வேலைப்பாட்டில் இப்போது புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். அதற்கு முன் கிழிசலைப் பின்னாலிருந்து ஒட்டித் தைக்க முடியுமா என்று பாருங்கள். ஓட்டுநர் சீட்டின் நடுப்பகுதி மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். எடுத்த துணியில் ஒரு துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக், டயர், வயரிங் எல்லாம் பழசாவே வெச்சிருந்தா உயிருக்கு ஆபத்தில்லையா?

ஆபத்துதான். பிரேக் ரப்பர், ஹோஸ், டயர், பெல்ட் எல்லாம் தேய்ந்து தீர்வதற்கென்றே வந்தவை, மாற்றத் தயங்க வேண்டாம். டயரில் மட்டும் அந்தக் காலத்து அளவையும் வடிவையும் விடாதீர்கள். பிரெல்லி தன் பழைய சிந்துராத்தோ டயர்களை இன்றைய ரப்பரில் மறுபடி தயாரிக்கிறது. காம்பனியோலோ மக்னீசிய வீல்களாக இருந்தால் விரிசல் காட்டும் சாயம் போட்டுச் சோதியுங்கள். சந்தேகம் வந்தால் அவற்றை அலமாரியில் வைத்துவிட்டு வேறு வீலில் ஓட்டுங்கள்.

வயரிங்கில் நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: ஒரு சனிக்கிழமையில் கழற்றி முந்தைய நிலைக்குக் கொண்டுபோக முடிந்தால் செய்யலாம். ஹெட்லைட்டுக்கு மறைவாக ரிலே, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் துண்டு, இதெல்லாம் சரி. தகட்டில் புது ஓட்டை போட வேண்டியது எதுவும் வேண்டாம்.

கம்பெனியே பின்னாடி சரி பண்ணின குறையை நான் என் கார்ல சரி பண்ணலாமா?

இதற்கும் அந்தச் சனிக்கிழமைக் கணக்குதான். ஆரம்பகால ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடியில் டன்லப் பிரேக், பின்னால் வந்தவற்றில் ஆட்டே கம்பெனியின் பிரேக். மாற்றுவது கழற்றி மாட்டும் வேலை, டன்லப்பைப் பெட்டியில் வைத்திருந்தால் திரும்பலாம். லம்போர்கினி மியூராவில் முதலில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய். எஸ்வி என்ற கடைசி வகை மியூராவில், அதிலும் கடைசிக்காலக் கார்களில்தான் பிரித்தார்கள். முந்தைய மியூராவை அப்படி மாற்ற வேண்டுமென்றால் வார்ப்பிலேயே கை வைக்க வேண்டும். அதைவிட எண்ணெயை அடிக்கடி மாற்றிவிட்டுப் போகலாம்.

1970-கள்லயே பழைய ஓனர் மாத்தினதை எடுத்துடணுமா?

அவசியமில்லை. அந்தக் காலத்திலேயே செய்த மாற்றமும் காரின் வாழ்க்கைதான். ஃபிவா அடையாள அட்டையிலும் அக்காலத்தில் மாற்றப்பட்ட வாகனத்துக்குத் தனி வகை உண்டு. அப்போதே செய்தது என்பதற்குப் படமோ ரசீதோ வேண்டும். அமெரிக்காவுக்குப் போன 1750 ஜிடிவி கார்களில் ஸ்பிகா எரிபொருள் ஊசி அமைப்பு இருந்தது. புரியாதவர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டு வெபர் கார்புரேட்டர் போட்டார்கள். ஸ்பிகா கூடவே கிடைத்தால் நான் திரும்ப மாட்டுவேன். கிடைக்காவிட்டால் வெபரோடு நிம்மதியாக ஓட்டுவேன்.

சாதாரண ஜிடியை, அதன் பந்தய வகையான 1965-இன் அலுமினிய ஜிடிஏ போல வேஷம் கட்டுவது இதில் சேராது. அது இன்றைய ஆசை.

ஷாசி நம்பர் துருவில் அழிஞ்சிடுச்சு. திரும்ப அடிச்சுக்கலாமா?

நீங்களாக அடிக்கக் கூடாது. அது குற்றம். இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, எண் இல்லாமலோ படிக்க முடியாமலோ போனால் அரசு அலுவலகமே ஒரு எண்ணை, முன்னும் பின்னும் தன் முத்திரையோடு அடித்துத் தரும். அந்த முத்திரை அசிங்கமாக இருக்கிறது என்று பலருக்கு வருத்தம். எனக்கு அது நேர்மையாகத் தெரிகிறது. துருப்பிடித்த பழைய துண்டை வெட்ட நேர்ந்தால், அதிகாரியிடம் காட்டாமல் வெட்ட வேண்டாம்.

இத்தாலியில வாங்கி வெளியே கொண்டுபோகலாமா? அந்தக் கருப்பு நம்பர் பிளேட்டு?

75 வருடத்துக்கு மேற்பட்ட வாகனம் இத்தாலியின் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின் கீழ் வரும், வெளியே எடுக்க அனுமதி வாங்க வேண்டும். ஜூலியா ஜிடி வயதுள்ள கார்களுக்கு அந்தத் தொந்தரவு இன்னும் வரவில்லை.

இத்தாலியிலேயே வைத்திருப்பவர்களுக்கு: 30 வயதைத் தாண்டிய சொந்த உபயோகக் காருக்கு ஆண்டு வரி கிடையாது. 20 முதல் 29 வரை, வரலாற்று மதிப்புச் சான்று இருந்தால் பாதி. அந்தச் சான்றை ஆல்ஃபாவுக்கு 1962-இல் தொடங்கிய ரியார் பதிவகமும் தருகிறது. இத்தாலியின் பழைய கருப்பு நம்பர் பலகை 1985 வரைதான் வந்தது. காரோடு பிறந்த பலகை இன்னும் காரிலேயே இருந்தால், எந்தப் பதிவு வேலைக்குப் போனாலும் அதை ஒப்படைக்க வேண்டிவருமா என்று முதலில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.